பாட்டைக் கடைசியில் போடுங்கள்: புது இயர்பட்ஸைச் சோதிக்கும் முதல் வாரம்

புது இயர்பட்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்பது. அந்த ஐந்து நிமிடத்தில் எந்த ஜோடியும் நன்றாகத்தான் கேட்கும். தினமும் பயன்படுத்த ஆகுமா என்று தெரிய வேண்டுமானால் பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வேறு சிலவற்றை முன்னால் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும் ஜோடிகள் பெரும்பாலும் ஒலி சரியில்லை என்று உள்ளே போவதில்லை. காது வலிக்கிறது, எதிர்முனையில் பேச்சு புரியவில்லை, ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை, இப்படித்தான் போகின்றன. இவை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்க முடியும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தருவதற்கான கெடு பெரும்பாலும் ஏழு நாள்தான். அதிலும் பல மாடல்களுக்குப் பணம் திரும்பாது, வேறு ஜோடி மாற்றித் தருவதோடு சரி. ஆர்டர் போடும் முன்பே அந்த வரியைப் படித்துவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து இரண்டு பட்களும் போனில் இணைவது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். "ஒரு பக்கம் பாடவே இல்லை" என்று புகார் கொடுக்கும்போது அது ஒன்றுதான் உங்கள் சாட்சி.

காதில் உட்காரும் விதம்

இயர்பட்ஸில் இரண்டு பெரிய வகைகள். சிலிக்கான் முனையோடு காதுத் துளைக்குள் இறங்கி அடைத்துக்கொள்வது ஒன்று. முனை எதுவும் இல்லாமல் காதுக் குழியில் தொற்றிக்கொண்டிருப்பது இன்னொன்று. 2016 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் ஏர்பாட்ஸ் இந்த இரண்டாவது வகை. வீட்டில் காலிங் பெல், குழந்தை அழுகை, கேஸ் சிலிண்டர் வண்டிச் சத்தம் எல்லாம் காதில் விழ வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவது வகை வசதி. பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஆகாது. அடைப்பு இல்லாததால் பேஸ் (அடித்தொனி) ஒழுகிவிடும், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

அடைக்கும் வகையை வாங்கினால் பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி முனைகள் இருக்கும். நடுத்தரம் மாட்டியே வரும். பலர் மற்ற இரண்டையும் கவரிலிருந்து எடுப்பதே இல்லை. "பேஸே இல்லை", "ஏஎன்சி (வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) வேலை செய்யவில்லை", "நடந்தால் விழுகிறது" என்கிற மூன்று குறைகளுக்கும் முனையின் அளவு தவறாக இருப்பது ஒரே காரணமாக இருக்கலாம் என்பதால், இந்த இடத்தில் அரைமணி நேரம் செலவழிப்பது நல்லது.

மாட்டுவதற்கே ஒரு முறை இருக்கிறது. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுத் துளை நேராகும். அந்த நிலையில் பட்டை உள்ளே வைத்து, மடலை விட்டுவிட்டு, லேசாக முன்னும் பின்னும் திருகுங்கள். தவிலோ மிருதங்கமோ தொடர்ந்து ஒலிக்கும் ஏதாவது ஒன்றைப் பாதி ஒலியில் ஓடவிட்டு, பட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் அடித்தொனி திடீரென்று கூடினால் காற்று ஒழுகுகிறது, அடுத்த பெரிய முனைக்குப் போங்கள். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் அளவு சரி. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சிறியது என்று வைத்துக்கொள்வது சாதாரணம்.

அடுத்து, மாட்டியபடியே ஒரு தோசை சாப்பிடுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் மாறும். தலையை ஆட்டிப் பார்க்கும்போது விழாத பட், மென்று பேசும்போது மெல்ல வெளியே நகர்ந்துவிடும். நீண்ட நேரம் போன் பேசுகிறவர்களுக்கு அடிக்கடி விழுவது இதனால்தான். வியர்த்த காதிலும் ஒருமுறை சோதியுங்கள். உலர்ந்த காதில் உறுதியாக நிற்கும் வழவழப்பான சிலிக்கான், சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் வழுக்க ஆரம்பிக்கும்.

ஒரு மணி நேரம் கழற்றாமல் போட்டிருந்து, வலித்தால் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். துளைக்குள் எரிந்தால் முனை பெரிது, மாற்றினால் சரியாகிவிடும். வெளியே காதுக் குழியின் குருத்தெலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்தினால் பட்டின் உடலே உங்கள் காதுக்குப் பெரிது. அதற்கு மருந்து கிடையாது, திருப்பிவிடுங்கள். பழகிவிடும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

பெரிய தோடோ ஜிமிக்கியோ போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். தண்டு கீழே நீண்டிருக்கும் பட்கள் தோட்டில் உரசும், சில மாடல்களில் அந்த உரசலையே தொடுகையாக எடுத்துக்கொண்டு பாட்டு நின்றுவிடும். மாட்டல் போட்டிருந்தால் பட்டைக் கழற்றும்போது சிக்கிக்கொள்ளும். தண்டில்லாத உருண்டை வடிவம் இவர்களுக்குத் தோதாக இருக்கும்.

வேறு நிறுவனத்தின் ஸ்பாஞ்ச் முனைகளை வாங்கி மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை கொஞ்சம் நீளமாக இருந்தால் பட்களை வைத்துச் சார்ஜ் ஏற்றும் கேஸின் மூடி முழுதாக மூடாது, அல்லது மூடினாலும் பட் கீழே உள்ள சார்ஜ் முள்களில் சரியாகப் படியாது. காலையில் எடுத்தால் ஒரு பக்கம் பூஜ்யம் காட்டும். கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் பழைய முனையை மாட்டிப் பாருங்கள்.

எதிர்முனையில் என்ன கேட்கிறது

நம் ஊரில் இயர்பட்ஸ் பாட்டுக் கருவி என்பதைவிடப் போன் பேசும் கருவி. அப்படியிருந்தும் வாங்குகிறவர் ஒருபோதும் கேட்க முடியாத ஒன்று அதன் மைக். உங்கள் குரல் எப்படிப் போகிறது என்பது உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

போனில் உள்ள குரல் பதிவு செயலியில் பேசிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அவற்றில் பல, பட் இணைந்திருந்தாலும் போனின் மைக்கிலிருந்தே பதிவு செய்யும். வீட்டில் ஒருவர் காதில் பட்டை மாட்டிவிட்டு, அவர் போனிலிருந்து உங்கள் போனுக்குச் சாதாரண அழைப்பு போடச் சொல்லுங்கள். நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். அவர் முதலில் அமைதியான அறையில் பேசட்டும். பிறகு முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறிக்கு நேர் கீழே. பிறகு மொட்டை மாடியிலோ தெருவோரத்திலோ. கடைசியாக, மிக்ஸி ஓடும் சமையலறையில்.

மின்விசிறிச் சோதனையில்தான் மலிவான ஜோடிகள் விழுகின்றன. மைக் துளையில் நேரடியாகக் காற்று அடிக்கும்போது உண்டாவது வெளிச்சத்தம் இல்லை, மைக்குக்குள்ளேயே பிறக்கும் இரைச்சல். அதை மென்பொருளால் பிரிப்பது கடினம். ஏசி அறையில் பேசிப் பார்த்த விமர்சனங்கள் இதைச் சொல்லாது. வருடத்தில் பத்து மாதம் விசிறிக்குக் கீழே உட்காரும் நமக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறில்லை.

கேட்கும்போது வெறுமனே "சத்தமாக இருக்கிறதா" என்று பார்க்காதீர்கள். சொற்களின் முதல் எழுத்து வெட்டுப்படுகிறதா? "சொல்றேன்" என்பது "ல்றேன்" என்று வந்தால், இரைச்சலை அடக்கும் மென்பொருள் பேச்சு ஆரம்பித்ததைத் தாமதமாக உணர்கிறது என்று பொருள். ச, ஸ, ஷ ஒலிகள் மொத்தமாக மழுங்கியிருக்கின்றனவா? லாரி கடக்கும்போது லாரிச் சத்தத்தோடு பேசுபவரின் குரலும் சேர்ந்து அமுங்குகிறதா? எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். "ஆறு", "நூறு" இரண்டும் குழம்பினால் அந்த ஜோடியில் வங்கிக்கோ டெலிவரிக்காரருக்கோ பேச முடியாது.

பெட்டியின் மேல் பெரிதாக ஈஎன்சி என்று அச்சிட்டிருப்பது இந்த மைக் வேலையைத்தான். பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் தடுக்கப் பார்ப்பது ஈஎன்சி. உங்கள் காதுக்குள் வரும் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. ஆயிரம் ரூபாய்க்குச் சுற்றுவட்டத்தில் விற்கும் ஜோடிகளில் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று இருந்தால் பெரும்பாலும் முதலாவதுதான். எழுத்தை ஒருமுறை உற்றுப் பார்த்து வாங்குங்கள்.

லேப்டாப்பில் மீட்டிங் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாட்டு அருமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் ஒலி தகரமாகிவிடும். பட் கெட்டுவிடவில்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பாட்டு வழியில் வழக்கமாக நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் வரும். மைக்கைத் திறந்ததும் இணைப்பு பேச்சு வழிக்கு மாறும். அங்கே பழைய முறையில் 8,000, கொஞ்சம் மேம்பட்ட முறையில் 16,000 மாதிரிகள்தான், ஸ்டீரியோவும் போய்விடும். எல்இ ஆடியோ என்னும் புதிய முறை இதைச் சரிசெய்கிறது, ஆனால் பட், லேப்டாப் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். அதுவரைக்கும் எளிய வழி: மீட்டிங் அமைப்பில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் பட்டையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கும் நன்றாகக் கேட்கும், எதிரிலிருப்பவர்களுக்கும் பெரும்பாலும் குரல் இன்னும் தெளிவாகப் போகும்.

இடது, வலது இரண்டையும் தனித்தனியாக ஒற்றைப் பட்டாகப் போட்டுப் பேசியும் பாருங்கள். வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் ஒற்றைக் காதில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். இரண்டும் தனித்து இயங்கினால் ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றொன்றில் நாள் முழுதும் ஓட்டலாம். ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். பின்னால் வரும் ஹாரன் காதில் விழாமல் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இணைப்பு அறுவது

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் போனைப் பின்பாக்கெட்டில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கக் காதில் கேட்பதுதான் கடினமான சோதனை. வீட்டுக்குள் சுவர்களிலிருந்து அலை திரும்பி வந்து ஈடுகட்டிவிடும். எனவே திறந்த மைதானத்திலோ அகலமான சாலையோரத்திலோ நடந்து பாருங்கள். பிறகு கூட்டமான ரயில் நிலையத்தில் ஒருமுறை. அங்கே நூற்றுக்கணக்கான போன்களும் வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். பாக்கெட்டை மாற்றினால் சரியாகிறது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். கையில் போனை வைத்திருக்கும்போதே ஒரு பக்கம் விட்டுவிட்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு கருவிகளில் ஒரே நேரம் இணையும் மல்டிபாயிண்ட் வசதி இருந்தால் போனில் பாட்டு, லேப்டாப்பில் மெயில் என்று வைத்துச் சோதியுங்கள். மெயில் வந்த மணியோசைக்காகப் பாட்டு நின்று, திரும்பவும் தொடங்காமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையில் கேஸின் மூடி தானாகத் திறந்துகொள்கிறதா என்பதையும் பாருங்கள். காந்தம் பலவீனமாக இருந்தால், பைக்குள் பட் விழித்துக்கொண்டு போனோடு இணைந்துவிடும். அழைப்பை எடுத்து "ஹலோ" என்றால் சத்தமே வராது, ஒலி பைக்குள் போய்க்கொண்டிருக்கும்.

தாமதம் பற்றிப் பெட்டியில் எழுதியிருக்கும் "40 எம்எஸ்" (மில்லிவிநாடி) கேம் மோடில் மட்டும் கிடைப்பதாகச் சொல்லப்படும் கணக்கு. வீடியோ பார்க்கும் செயலிகள் படத்தையே சற்றுத் தாமதித்து உதட்டசைவோடு ஒட்டிவிடும், அதனால் யூடியூபை வைத்துத் தாமதத்தை அளக்க முடியாது. விசைப்பலகையின் 'டிக்' ஒலியைப் போட்டுவிட்டுத் தட்டிப் பாருங்கள், உண்மை தெரியும். விளையாட்டில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வருவது உங்களுக்குத் தொந்தரவு என்றால் ஒயர் வைத்த இயர்போனே மேல்.

ஏஎன்சியில் எதை எதிர்பார்க்கலாம்

வெளியே உள்ள மைக் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை ஸ்பீக்கரில் உண்டாக்கி இரண்டையும் மோதவிடுவதுதான் ஏஎன்சி. தொடர்ந்து ஒரே மாதிரி வரும் தாழ்ந்த ஒலிகளில் இது நன்றாக வேலை செய்யும்: பேருந்து எஞ்சின், ரயிலின் தடதடப்பு, ஏசியின் முனகல், விமானம். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் கை ஓங்காது. அங்கே தடுப்பது சிலிக்கான் முனையின் அடைப்புதான். குக்கர் விசில், ஹாரன், பக்கத்து இருக்கைக்காரர் பேச்சு எல்லாம் குறையுமே தவிர மறையாது. இதை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

"45 டெசிபல் வரை" என்று போட்டிருந்தால் ஏதோ ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் கிடைத்த உச்சம் அது. இரண்டு ஜோடிகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. ஓடும் பேருந்தில் எஞ்சினுக்கு அருகில் உட்கார்ந்து, பாட்டில்லாமல் ஏஎன்சியை மட்டும் போட்டு அணைத்துப் பார்ப்பது பத்து விமர்சனத்துக்குச் சமம். இரவில் அமைதியான அறையிலும் போட்டுப் பாருங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். கொஞ்சம் இருப்பது இயல்பு, தூக்கத்தைக் கெடுக்கும் அளவு இருந்தால் ஆகாது. சிலருக்கு ஏஎன்சி போட்டதும் மலைப்பாதையில் காது அடைப்பதுபோல் ஒரு அழுத்தம் தெரியும். மூன்று நாளில் அது போகாவிட்டால் உங்களுக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை.

ஏஎன்சிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால், அது காது நலத்தால்தான். பேருந்தில் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியை ஏற்றுவோம். பின்னணி குறைந்தால் அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. மூன்று டெசிபல் கூடினால் அனுமதித்த நேரம் பாதியாகும், 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போனின் அமைப்பில் உள்ள ஒலி எச்சரிக்கையை அணைக்காமல் விடுங்கள். குழந்தைகளுக்கு அந்த அளவு இன்னும் குறைவு, 75 டெசிபல்.

இப்போது பாட்டு

இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டால் ஒலி அளவைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சற்றுக் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதுமே "நன்றாக" இருப்பதாகத் தோன்றும். சமமாக்காமல் கொடுக்கும் தீர்ப்புக்கு மதிப்பில்லை. ஒரே பாட்டு, ஒரே செயலி, தரமும் ஒரே அமைப்பு.

ஒலி குழம்புகிறதா என்று பார்க்க மிருதங்கம் நல்ல உரைகல். தொப்பிப் பக்கத்தின் 'தொம்' உருண்டு திரண்டு கேட்க வேண்டும், அதே நேரம் வலந்தலையின் 'நம்', 'தின்' கூர்மையாகத் தனித்துத் தெரிய வேண்டும். தொப்பி ஊதிப் பெருத்து வலந்தலையை மூடினால் பேஸ் அளவுக்கு மீறிவிட்டது. தனி ஆவர்த்தனம் ஒன்றே போதும். குரலுக்கு, வாத்தியம் குறைவாக உள்ள பெண் குரல் பாட்டு: 'ச', 'ஸ' வரும் இடங்களில் காதில் ஊசி குத்தினால் மேல்தொனி தூக்கலாக இருக்கிறது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தைச் சன்னமாக வைத்துக் கேட்டால் அடியில் ஓடும் இரைச்சலும் கரகரப்பும் வெளியே வந்துவிடும். கடைசியாகச் செய்தி வாசிப்பு ஒன்றை மிகக் குறைந்த ஒலியில். பேச்சு அதிகம் கேட்கிறவர்களுக்கு இதுதான் பொருட்படுத்த வேண்டிய சோதனை.

இந்திய நடுத்தர விலையில் வரும் ஜோடிகள் பெரும்பாலும் பேஸையும் மேல்தொனியையும் தூக்கி, நடுவில் உள்ள குரலை அமுக்கித்தான் வருகின்றன. கடையில் இரண்டு நிமிடம் கேட்பவரைக் கவர அது உதவும், ஒரு மணி நேரம் கேட்டால் அலுப்பூட்டும். இயர்பட்ஸ் நிறுவனத்தின் செயலியில் ஈக்வலைசர் (தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று நான்கு டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரல் தானாக முன்னே வரும். மற்ற தொனிகளை ஏற்றுவதைவிட இதை இறக்குவது நல்லது, ஏற்றினால் கரகரப்பு வரும். செயலி இல்லாத மாடலில் உங்களுக்குக் கிடைப்பது முதல் நாள் கேட்ட ஒலிதான், பிறகு மாற்ற வழியில்லை.

13 எம்எம் டிரைவர், 10 எம்எம் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகத்தின் அளவு) என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) விஷயமும் அப்படியே. ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டை மட்டும் ஆதரிக்கிறது. எனவே ஐபோன் வைத்திருப்பவர் எல்டாக் என்னும் கோடெக்குக்காகப் பணம் கொடுப்பது வீண். ஆண்ட்ராய்டில் எல்டாக் கிடைத்தாலும் கூட்டமான இடத்தில் 990 கேபிபிஎஸ் வேகத்தில் வைத்தால் விட்டுவிட்டு வரும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பேருந்துச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவும் போவதில்லை.

ஒன்று மட்டும்: ஒலியை மிகக் கீழே, முதல் படியில் வைத்தாலும் சத்தமாக இருக்கிறதா? இரவில் கேட்பவர்களை இது படுத்தும். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'அப்சல்யூட் வால்யூம்' என்பதை முடக்கிவிட்டு, மீண்டும் இணைத்துப் பாருங்கள். பட்டின் ஒலியும் போனின் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து, படிகள் நுணுக்கமாகும்.

பேட்டரிக் கணக்கு

"50 மணி நேரம்" என்பது கேஸில் உள்ள சார்ஜையும் சேர்த்து, ஏஎன்சியை அணைத்து, பாதி ஒலியில் ஓட்டிய கணக்கு. நமக்கு வேண்டியது ஒரு தடவை காதில் மாட்டினால் எத்தனை மணி நேரம் என்பதுதான். முழுதாக ஏற்றி, நீங்கள் வழக்கமாக வைக்கும் ஒலியில், ஏஎன்சியோடு ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் பேசினால் இன்னும் சீக்கிரம் தீரும், மைக்கும் குரல் பிரிக்கும் சிப்பும் சேர்ந்து இழுப்பதால். இரண்டு பட்களுக்குள் கொஞ்சம் வித்தியாசம் வரும். ஒன்று 40 சதவீதத்தில் இருக்கும்போது மற்றது அணைந்துபோனால் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள், அந்த இடைவெளி நாளாக ஆகப் பெருகத்தான் செய்யும்.

கேஸின் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பட் ஒன்றுக்கு 40 எம்ஏஎச், கேஸுக்கு 400 எம்ஏஎச் என்றால் வகுத்துப் பார்த்தால் ஐந்து முறை ஏற வேண்டும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் வெப்பமாக வீணாகும், கையில் கிடைப்பது மூன்றரை, நான்கு முறை. கேஸை முழுதாக ஏற்றி இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். ஐந்து சதவீதம் பரவாயில்லை, இருபது என்றால் பட் உள்ளே தூங்கவில்லை.

யூஎஸ்பி-சி துளை இருந்தும், புது போனோடு வந்த சி-டு-சி கேபிளில் சில மலிவான கேஸ்கள் சார்ஜ் ஏறாது. பழைய ஏ-டு-சி கேபிளில் ஏறும். துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைச் செலவு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவதால் வரும் வினை. அந்தத் தடைகள் இருந்தால்தான் சி சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். வெளியூர் போகும்போது ஒரே கேபிளில் எல்லாவற்றையும் ஏற்ற நினைப்பவர்கள் முதல் நாளே இதைப் பார்த்துவிட வேண்டும்.

வியர்வை, தண்ணீர், அழுக்கு

நீர் தாங்கும் மதிப்பு ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 பீய்ச்சும் நீரை. ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை. 'எக்ஸ்' இருக்கும் இடத்தில் எண் இருந்தால், உதாரணமாக ஐபி54, அது தூசுக்கான மதிப்பு. இவை எல்லாம் சுத்தமான தண்ணீரில் செய்யும் சோதனைகள், வியர்வையின் உப்புக்கானவை இல்லை. கேஸுக்குப் பெரும்பாலும் எந்த மதிப்பும் கிடையாது. உடற்பயிற்சி முடித்து ஈரத்தோடு பட்டைக் கேஸில் போட்டு மூடினால், தண்ணீரும் உப்பும் நேரே சார்ஜ் முள்களில் போய் நிற்கும். சட்டை நுனியில் துடைத்து, ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்றால் பட்டின் அடியிலுள்ள பொன்னிறப் புள்ளிகளையும் கேஸுக்குள் உள்ள முள்களையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒலி மெல்லக் குறைந்துகொண்டே போனால் முதலில் போனின் அணுகல் அமைப்பில் இடது-வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முனையைக் கழற்றி வலையைப் பாருங்கள். காதுக் குரும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். குண்டூசி வைத்தால் வலை உள்ளே போய்விடும், வாயால் ஊதினால் ஈரம் போகும். சிலிக்கான் முனையை மட்டும் தனியே சோப்பு நீரில் கழுவி முழுதாக உலர்த்தி மாட்டலாம்.

வாங்கும்போது பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் 'ஆர்-' என்று தொடங்கி இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிச் சரிபாருங்கள். நிறுவனத்தின் பெயரும் பொருளின் பெயரும் ஒத்துவர வேண்டும். சாலையோரத்தில் 300 ரூபாய்க்கு விற்கும் பெரிய பிராண்ட் நகல்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். லித்தியம் செல்லைக் காதுக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம். வாரண்டி பெரும்பாலும் ஓராண்டு, அதுவும் பில் இருந்தால்தான். கெடுவுக்குள் கேட்டும் கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தொலைந்த பட்டுக்கு எந்த வாரண்டியும் இல்லை, தொலைவதோ எப்போதும் ஒன்றுதான். எனவே ஒற்றைப் பட் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பல மலிவு மாடல்களுக்கு அப்படி விற்பதே இல்லை. விற்பவர்களிடமும் ஒன்றின் விலை ஜோடியின் பாதிக்கு மேல் போனால், அந்த ஜோடியின் உண்மையான விலையைக் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போட வேண்டும்.